சுண்ணாம்பு மாத்திரை

டப்பா வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மூடியைத் திருகித் திறந்து மூக்கை உள்ளே விட்டதுதான்.

அந்த மூக்குக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் உண்டு. கேக் கடை அடுப்படியில் கால்கடுக்க நின்று பழகியவள் அவள். சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து, செய்கிற எதையும் நாக்கில் வைப்பதில்லை; எல்லாவற்றுக்கும் மூக்குதான். வெண்ணெய் நேற்றையதா முந்தாநாளையதா என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே சொல்லுவாள். உள்ளே கேக்கின் நடுவயிறு வெந்துவிட்டதா என்று அடுப்புக் கதவைத் திறக்காமலே சொல்லுவாள். புருஷன் அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா. கடையில் வேலை பார்ப்பவர்கள் அதை முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு துணிந்து முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

"வாசமே இல்லையே," என்றாள்.

"மாத்திரைக்கு என்ன வாசம்? இது என்ன உன் வெனிலா கேக்கா?" என்றார் புருஷன். காலுறையைக் கழற்றக் குனிந்தவர் வயிறு இடித்து, பாதியிலேயே நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாது. நான் தினம் ரெண்டு வேளை முழுங்குறது இதே மருந்துதானே. அட்டையைக் கிழிச்சா மீன் கழுவின தண்ணி மாதிரி அடிக்கும். இதுல ஒரு மண்ணும் இல்ல. உங்களுக்குச் சுண்ணாம்பைக் குடுத்து அனுப்பிட்டாங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான். தன் மூக்கு பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

அவர் லிப்ட் மெக்கானிக். ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, அதை அடக்குவதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஊசி தன் வேலையைக் கனகச்சிதமாகச் செய்தது. நோய் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. ஆனால் அந்த ஊசி ஆண் ஹார்மோனைக் கிட்டத்தட்ட அடியோடு நிறுத்திவிடும். அதனால் உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. கை கால் தசை கரைந்தது, இடுப்பைச் சுற்றிச் சதை ஏறியது. திடீர் திடீரென்று உள்ளே கொதிக்கும். அப்போதெல்லாம் பக்கத்துக் கட்டடத்தில் வேலையாக இருந்தால் கேக் கடைக்கு ஓடிவந்து, க்ரீம் வைக்கிற குளிர் அறைக்குள் புகுந்து, அடுக்கிய டப்பாக்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "யாரோ ஆர்டர் குடுத்துட்டு வாங்காமப் போன கேக்," என்று அவள் வந்தவர்களிடம் அறிமுகம் செய்து வைப்பாள்.

கீழ் வீட்டில் குடியிருக்கும் நாத்தனார் இன்னும் மோசம். அண்ணன் படியேறி வரும்போது வழிமறித்து, "எத்தனாவது மாசம்ணா? டாக்டர் தேதி சொல்லிட்டாங்களா?" என்று கேட்பாள். அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ரெட்டைன்னு சந்தேகப்படுறாங்க," என்பார்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. பழைய கட்டடங்களின் லிப்டுக்குக் கூரையில் ஒரு சதுரக் கதவு இருக்கும். நடுவழியில் நின்றுபோனால் அதன் வழியாக மேலே ஏறித்தான் கயிற்றைப் பார்க்க வேண்டும். ஒருநாள் அந்தக் கதவில் அவர் இடுப்பு மாட்டிக்கொண்டது. கூட வந்தவர் கீழிருந்து தள்ள, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கிய கதையை அவர் வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வாரம் கம்பெனியில் அவரைப் போன் எடுக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. போதாக்குறைக்கு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது, கொழுப்பும் ஏறியிருக்கிறது என்றார்கள்.

"புத்துநோய்க்குத் தப்பிச்சு மாரடைப்புல போய் மாட்டப் போறேன்," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஆய்வு நர்ஸ் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதும் அவர்களைக் கவனிப்பதும் அவள் பொறுப்பு. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற, சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண்.

"இது புத்துநோயைக் குணப்படுத்துற மாத்திரைன்னு நினைச்சுக்காதீங்க சார். சர்க்கரை வியாதிக்குக் காலங்காலமா குடுக்கிறதுதான். ஊசி போட்டுக்கிறவங்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறாம இது பிடிச்சு வைக்குமான்னு பார்க்கிறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்."

"இவருக்கு வெறும் மாத்திரை விழுந்துட்டா?" என்று அவள் கேட்டாள்.

"அதுவும் வேணும்மா. இல்லன்னா மருந்துதான் வேலை செஞ்சுதுன்னு எப்படி நம்புறது?"

அவருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே கையெழுத்துப் போட்டார். "புது பிரேக் போட்ட லிப்டையும் பழைய பிரேக் போட்ட லிப்டையும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டிப் பார்க்கிற மாதிரிதான்," என்று வழிநெடுக விளக்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஆட்டினாளே தவிர, அந்த வெறும் மாத்திரையை வேறு யாராவது வீட்டுப் புருஷன் சாப்பிடட்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொண்டது.

இப்போது டப்பாவை மோந்து பார்த்தாகிவிட்டது. வேண்டுதல் பலிக்கவில்லை.

முதல் வாரமே அவருக்கு வயிறு கலக்கியது. கழிவறைக்குள்ளிருந்தே குதூகலமாகக் குரல் கொடுத்தார். "மூக்கம்மா, மருந்துதான்டி. சந்தேகமே இல்ல. வயித்தைக் கலக்கும்னு சிஸ்டர் சொன்னாங்களே."

"வெறும் மாத்திரை சாப்பிடுறவங்களும் நினைப்புலயே கலக்கிக்குவாங்கன்னும் சொன்னாங்க," என்று இவள் வெளியிலிருந்து பதில் கொடுத்தாள். "நேத்து நான் கொண்டுவந்த மிச்ச க்ரீமை வழிச்சு நக்கினீங்களே, அது என்ன பண்ணும்?"

வயிறு சரியாகிவிட்டது. அதோடு அவர் உற்சாகமும் போய்விட்டது. இடுப்புப் பட்டையில் கடைசி ஓட்டைக்கு அப்பால் ஆணியை வைத்து ஒரு புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தபோது, அவள் கண் அலமாரிப் பக்கம் போனது. ஒரே அலமாரியில், ஒரே தட்டில், அவளுடைய மாத்திரை அட்டைகளும் அவருடைய டப்பாவும் அருகருகே இருந்தன. ஒன்று மருந்து, ஒன்று சுண்ணாம்பு. தேவைப்படுகிறவருக்குச் சுண்ணாம்பு.

முதலில் நேர்வழியில்தான் முயன்றாள். மருந்துக் கடையில் போய், இந்த மாதம் கூடுதலாக இரண்டு அட்டை வேண்டும் என்று கேட்டாள்.

"சீட்டுல இருக்கிறதுக்கு மேல ஒண்ணு கூடத் தர மாட்டேன்க்கா. யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"பூனைக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் உதவாது. அன்று மதியம், முட்டையும் சர்க்கரையும் கலவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கையில் அவள் முடிவு கட்டினாள். எல்லா முடிவையும் அவள் அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்றுதான் எடுப்பாள். சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தன் அட்டைகளைக் கிழித்து மாத்திரைகளை அவர் டப்பாவில் கொட்டினாள். டப்பாவில் இருந்ததைத் தன் பழைய பிஸ்கட் டின்னில் கொட்டிக்கொண்டாள். இரண்டும் வெள்ளை, இரண்டும் நீள்வட்டம். அவளுடையதன் நடுவில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். காலைச் சாப்பாட்டு வேளையில் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடுகிற மனுஷனுக்கு அந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது? அவள் தினமும் எதிரே உட்கார்ந்து அவர் கண்முன்னாலேயே சுண்ணாம்பை விழுங்கினாள். விழுங்காமல் இருந்தால் கேள்வி வரும். ஆஸ்பத்திரியில் டப்பாவில் மீதியை எண்ணிப் பார்ப்பார்கள் என்பதால், அங்கே எடுத்துப் போகிற நாளில் மிச்சச் சுண்ணாம்பைத் திரும்ப உள்ளே போட்டுவிடுவாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

விளையாட்டாகச் செய்த காரியமில்லை இது. மாத்திரை இல்லாமல் தன் உடம்பு என்ன செய்யும் என்று அவளுக்கு அனுபவப் பாடம் இருந்தது. முன்பொரு முறை தன் தங்கை வீட்டுக்குப் போனபோது மாத்திரையை மறந்துவிட்டுப் போனாள். ஒரே வாரத்தில் நாக்கு வறண்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, இரண்டு பாதமும் தணலில் வைத்த மாதிரி எரிந்தன. கண் மங்கி, கேக்கின் மேல் எழுத வேண்டிய பெயரைக் கோணல்மாணலாக எழுதிக் கெட்ட பெயர் வாங்கினாள். அந்த எரிச்சல் திரும்ப வரும் என்று தெரிந்துதான் டின்னைத் திறந்தாள். விரலில் குத்திப் பார்க்கிற சர்க்கரைக் கருவியை அலமாரியின் கடைக்கோடியில், பழைய துணிகளுக்குப் பின்னால் ஒளித்தாள். எண்ணைப் பார்த்தால் பயந்து நிறுத்திவிடுவோம் என்று தன்னைப் பற்றியே அவளுக்குச் சந்தேகம். அவருக்கு இடுப்பு இறங்கட்டும், பிறகு தன் கால்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கியது. அதுதான் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே மாதத்தில் ஏற்றம் நின்றது. அடுத்த மாதம் ஆணியால் போட்ட புது ஓட்டை தேவையில்லாமல் போனது. அதற்கடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பட்டையை இறுக்கி இன்னும் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிவிட்டு, கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"பாரு. நல்லாப் பாரு. மூச்சை இழுத்துப் பிடிக்கல. சத்தியமா."

"பேசுறீங்களே, அப்ப பிடிக்கலைன்னுதான் அர்த்தம்."

"சுண்ணாம்புன்னு சொன்னியே, உன் மூக்கு என்ன சொல்லுது இப்ப?"

அவள் சிரித்தாள். எல்லாம் என் மாத்திரை, என் மாத்திரை என்று உள்ளே குதித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு குறைந்த தெம்பில் அவர் நடக்க ஆரம்பித்தார். நடந்த தெம்பில் படியேற ஆரம்பித்தார். சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு உள்ளே வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அவள் கேக் துண்டு வெட்டிக் கொடுத்தாள். காரணம் கேட்டதற்கு, ஓரம் கருகிவிட்டது, விற்க முடியாது என்று பொய் சொன்னாள்.

தன் விஷயத்தில்தான் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே கால்விரல்களை அசைத்துப் பார்ப்பாள். எரியவில்லை. தாகமும் இல்லை. வரும், இந்த முறை மெதுவாக வரும் என்று நினைத்துக்கொள்வாள். வராதது நிம்மதியாக இல்லை. விருந்தாளி வருவதாகச் சொல்லிவிட்டு வராத வீடு மாதிரி, ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடையில் கேக்கின் மேல் பெயர் மங்கலாகத் தெரிந்தால், வந்துவிட்டது என்று நினைப்பாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் க்ரீம்தான் வழிந்திருக்கும்.

அவளுடைய மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கு நாள் வந்தது. அவள் இரண்டு தடவை டிமிக்கி கொடுத்தாள். ஒரு தடவை ஆர்டர் அதிகம், இன்னொரு தடவை அடுப்பு ரிப்பேர். மூன்றாவது தடவை அவரே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தார். "என் ரத்தம்னா வரிசையில முதல்ல போய் நிக்கிறே, உன் ரத்தம்னா அடுப்பு ரிப்பேர் ஆகுதா?" என்றார்.

முடிவு வந்த அன்று அவள் கடையிலிருந்து தனியாகவே போனாள். அடுப்படி மேலங்கியைக் கழற்றக்கூட மறந்துவிட்டது. டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீடு, வயிற்றுக் கோளாறு, துக்கம் என்று பல வண்ணங்களில் பொய்கள் தயாராக இருந்தன.

டாக்டர் அறிக்கையைப் பார்த்தார். "நல்லா இருக்கீங்க. மூணு மாசச் சராசரி போன தடவை ஏழு. இந்தத் தடவை ஏழுக்கும் ஒரு புள்ளி கம்மி. இப்படியே விடாம மாத்திரை சாப்பிடுங்க."

அவள் அறிக்கையின் மேல் இருந்த பெயரை எட்டிப் பார்த்தாள். "வேற யாரோடதாவது மாறி வந்துடுச்சா டாக்டர்?"

"உங்களோடதுதான். ஏன்?"

"சும்மா கேக்குறேன். நான் மாத்திரையை மூணு மாசம் நிறுத்தியிருந்தா?"

"உங்களுக்கா? ஒரு வாரம் மறந்ததுக்கே என்ன பாடு பட்டீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. மூணு மாசம்னா ஒன்பது, பத்துன்னு போய் நின்னிருக்கும். அந்த விஷப்பரீட்சை எல்லாம் வேண்டாம்."

மூன்று மாதம். ஒரு மாத்திரை விடாமல் பிஸ்கட் டின்னில் இருந்ததை மட்டுமே விழுங்கியிருக்கிறாள். ஏழுக்கும் ஒரு புள்ளி கம்மி. எரியாத கால், வராத தாகம், மங்காத கண் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எதிரே நின்றன. அப்படியென்றால் டின்னில் இருந்தது சுண்ணாம்பு இல்லை. அவருக்கு முதல் நாளே மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள். அவள் தியாகம் என்று நினைத்துக்கொண்டு மருந்தைக் கொடுத்து மருந்தை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

ஆய்வு நர்ஸின் அறை அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் இருந்தது. லிப்டுக்காரர் பெண்டாட்டிக்கு லிப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையில்லை, படிகளில் ஏறினாள். பாதி வழியில்தான் சிரிப்பு நின்றது. யாருக்கும் தெரியக்கூடாது என்றார்களே. அவளுக்குத் தெரிந்துவிட்டதே. அதோடு மூன்று மாதமாக அவர் சாப்பிட்டது ஆஸ்பத்திரி மாத்திரையே இல்லையே. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிப்ட் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அவர் அத்தனை பெருமையாகச் சொன்ன சோதனையில், நடுராத்திரித் திருடி மாதிரி புகுந்து பிரேக்கைக் கழற்றி மாற்றியது அவள்தானே. அவரை வெளியே அனுப்பிவிட்டால்? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசி மெழுகிவிட்டுப் போய்விடலாம், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவருடைய இடுப்பை வைத்து அவர்கள் ஏதோ கணக்குப் போடுகிறார்கள், அதில் பொய் கலக்கக் கூடாது என்று மனசு இடித்தது. மேலே ஏறினாள்.

"சிஸ்டர், அவருக்கு விழுந்தது மருந்துதான்," என்றாள், கதவைத் திறந்த வேகத்தில்.

நர்ஸ் போக்குவரத்தை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கினாள். "சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாது."

"சொல்லித்தான் ஆகணும். நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மூக்கில் ஆரம்பித்து, பிஸ்கட் டின் வழியாக, ஏழுக்கும் ஒரு புள்ளி கம்மியில் வந்து முடித்தாள். நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"டப்பாவுக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம் இருந்துதே, பார்த்தீங்களா?"

"ஈரம் இழுக்கப் போட்டிருப்பாங்க. நாங்களும் பிஸ்கட்டுக்குப் போடுவோம்."

"அது கரித்தூள். வாசனையை உறிஞ்சுறதுக்கு. மாத்திரைக்கு மேல தனிப் பூச்சும் உண்டு. உங்களை மாதிரி யாராவது மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னுதான் இத்தனை ஏற்பாடு."

நன்றாக மூக்கறுபட்டாள். அறுபட்டதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

"அவரை ஆய்வுல இருந்து எடுத்துடுவீங்களா?"

"இதை நான் முடிவு பண்ண முடியாது," என்று சொல்லி நர்ஸ் ஆய்வின் பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். அவள் கதையைச் சுருக்கி மறுமுனைக்குச் சொன்னாள். பிறகு அங்கிருந்து கேட்ட சத்தம் இருமலா சிரிப்பா என்று இவளுக்குப் புரியவில்லை. மேலங்கியில் ஒட்டியிருந்த காய்ந்த க்ரீமைச் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

நர்ஸ் போனை வைத்தாள். "எடுக்க மாட்டோம். எந்தப் பக்கம் சேர்த்தோமோ அந்தப் பக்கமே கணக்குல இருப்பார். நடந்ததை நடந்தபடி எழுதி வைப்போம். வீட்டுக்கு வீடு இந்த மாதிரி ஏதாவது நடக்கும், அதையும் தாங்கித்தான் ஆய்வு நிக்கணும்னு டாக்டர் சொல்றார். ஆனா அவர் என்ன சாப்பிட்டார்னு அவருக்குத் தெரியணும். நீங்களே சொல்லிடுங்க, இன்னிக்கே."

"இடுப்பு குறைஞ்சுதே சிஸ்டர், அது மருந்தாலதானே?"

"ஒருத்தர் இடுப்பை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அவர் நடக்கவும் செய்யுறார். நூத்துக்கணக்கான பேரோட இடுப்பு வந்து சேரட்டும், அப்புறம் சொல்றேன்." கதவு வரை கூட வந்தவள் தாழ்ந்த குரலில், "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு," என்றாள்.

சாயங்காலம் அவர் வருகிற சத்தம் தெருவிலேயே கேட்டது. கீழ் வீட்டு வாசலில் நின்று தங்கையைக் கூப்பிட்டார். "ஏய், வெளிய வா. பிரசவம் ஆயிடுச்சு."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தார். சட்டை முழுக்கக் கறுப்பு எண்ணெய். "மேல ஏறிட்டேன்டி மூக்கம்மா. அதே லிப்ட், அதே கதவு. யாரும் தள்ளல. வழுக்கிக்கிட்டுப் போயிட்டேன். நாளையிலேருந்து போன் மேசை கிடையாதாம்."

அந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு இருந்தது. இருந்தாலும் சொன்னாள். நர்ஸிடம் சொன்ன மாதிரி ஒரே மூச்சில் வரவில்லை. விட்டு விட்டு வந்தது. உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல மருந்துதான், ஆய்விலிருந்தும் எடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பின்னால் சொன்னாள்.

அவர் நின்றபடியே கேட்டார். ஆய்வைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தாள். தன்னை ஏமாற்றியதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தாள்.

"கால் எரிஞ்சுதா?" என்றார்.

"இல்ல."

"எரியும்னு தெரிஞ்சுதானே மாத்தினே?"

அவள் அலமாரியைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் வைத்தாள்.

அவர் போய்க் கை கழுவினார். எண்ணெய் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். "எனக்கு நிஜமாவே சுண்ணாம்பு விழுந்திருந்தா? உன் தங்கச்சி வீட்டுலேருந்து வந்தப்ப ரெண்டு காலையும் வாளித் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே. இப்ப நீ அப்படி உட்கார்ந்திருப்பே, நான் கண்ணாடி முன்னால நின்னு என் இடுப்பைப் பாருன்னு உன்னைக் கூப்பிட்டிருப்பேன்." அவர் கண் கலங்கியது. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்தே அவருக்குக் கண்ணீர் சுலபமாக வரும். இது ஊசியால் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"தப்புதான்," என்றாள்.

"தப்பெல்லாம் இல்ல, பைத்தியக்காரத்தனம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே இந்த வீட்டுல எவளும் எதையும் மோந்து பார்க்கக் கூடாது."

மறுநாள் காலை மேசையில், டின்னில் இருந்ததைத் திரும்பக் கொட்டிய டப்பா ஒரு பக்கம், புது மாத்திரை அட்டை ஒரு பக்கம், நடுவே அவர் கோடு போட்ட மாதிரி உப்பு ஜாடியை வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியும் போட்டிருந்தார். அவளுடைய அட்டையை அவரே கிழித்து, மாத்திரையில் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே விழுங்கினார்கள்.

பிறகு அவர் வேலைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். லிப்ட் கூரைக்கு மேலே இருட்டில் கயிற்றைப் பார்க்கிற டார்ச் அது.

"வாயைத் திற."

"முழுங்கிட்டேங்க."

"போன மூணு மாசமும் இப்படித்தான் என் முன்னாடி முழுங்கினே. திற."

திறந்தாள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெளிச்சம் அடித்துப் பொறுமையாகப் பார்த்தார். கண் கூசியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வாயைத் திறந்தபடியே கையை நீட்டி டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப நீங்க," என்றாள்.